கடைசியாகத் திருக வேண்டிய நட்டு

(சென்னை தினத்தையொட்டித் திருவொற்றியூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய கார் ஒன்று நேராகப் போகாமல் ஒரு பக்கமாக இழுத்தால் என்ன செய்ய வேண்டும்? இன்றைக்கு இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதைப் பேச வடசென்னையை விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

சென்னையில் எம்.சி. 1 என்ற முதல் பதிவெண் யாருடைய காருக்குக் கிடைத்தது தெரியுமா? துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு. அதை விடுங்கள், அது பிரிட்டிஷ் ஆட்சிக்கால அதிகாரியின் கதை. நம் கதை 1948 செப்டம்பரில் தொடங்குகிறது. விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்ற ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக்கின் பெயரால் ‘அசோக் மோட்டார்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்கள் பூட்டப்பட்டன. இங்கிலாந்திலிருந்து உதிரிகளாக வந்த கார் எண்ணூரில் முழு வண்டியானது. பிறகு லேலண்ட் லாரிகள் வந்தன. 1955இல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. கார் நின்றுபோய், கனரக வண்டிகளே அந்த ஆலையின் அடையாளமாகிவிட்டன. ஆனால் முதலில் அங்கே உருண்டது கார்தான்.

அதே சாலையில் தெற்கே வந்தால் திருவொற்றியூர். 1946இல் ஒரு சிறிய கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மாம்மென் மாப்பிள்ளை, 1952இல் தேய்ந்த டயருக்குப் போடும் ட்ரெட் ரப்பருக்கு மாறி, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேன்ஸ்பீல்டு கம்பெனியோடு சேர்ந்து டயரே செய்தார். எம்.ஆர்.எப். அப்படிப் பிறந்தது. பக்கத்திலேயே என்ஃபீல்டு புல்லட். காரைப் பூட்டியவர்களும் அந்தக் காரைத் தாங்கும் டயரைச் செய்தவர்களும் ஒரே பேருந்தில் வேலைக்குப் போய் வந்த ஊர் இது. வீல் அலைன்மென்ட் என்பது காருக்கும் டயருக்கும் இடையிலான விவகாரம்தானே! அதனால்தான் இங்கே வந்து பேசுகிறேன்.

இப்போது வண்டிக்கு வருவோம். 

கார் இழுக்கிறது என்று சொன்னவுடன் இன்றைக்கு என்ன நடக்கிறது? நேராகக் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் போடும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறோம். நான்கு சக்கரத்திலும் தட்டு மாட்டுகிறார்கள். திரையில் சிவப்பும் பச்சையும் தெரிகிறது. கீழே இறங்கி, ஸ்டியரிங்கோடு முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடில் இருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, தண்டைத் திருகி, சிவப்பைப் பச்சையாக்கி அனுப்பிவிடுகிறார்கள். ஐந்து வருடப் புதுக் காருக்கு இது போதும். எழுபது வருட ஆஸ்டினுக்கும், ஐம்பது வருட அம்பாசடருக்கும், பியட்டுக்கும் இது போதாது. பல நேரம் கெடுதலும் செய்யும். டை ராடின் நட்டு கடைசியாகத் திருக வேண்டிய நட்டு. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றுக்கு ஒரு வரிசையும் இருக்கிறது. அந்த வரிசைதான் இந்த வட்டாரத்துப் பழைய மேஸ்திரிகளின் சொத்து. அது எங்கேயும் எழுதி வைக்கப்படாமலே போய்விடுமோ என்ற கவலையில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

மூன்று கோணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு முன்சக்கரங்களும் முன்பக்கம் சற்றே ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பது டோ. முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்திருக்கிறதா, உள்ளே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். பக்கத்திலிருந்து பார்த்தால், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் தலை எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பி வருவதில் பெரும்பங்கு காஸ்டருக்கு உண்டு.

அந்தக் காலத்துப் பின்சக்கர இழுவைக் கார்களில் டோ உள்நோக்கி ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை வைப்பது வழக்கம். சரியான அளவை அந்தந்த வண்டியின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். எதற்காக உள்நோக்கி வைக்கிறார்கள்? வண்டி ஓடும்போது சாலை முன்சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மூட்டுகளில் இருக்கும் சிறு ஆட்டமெல்லாம் வெளிப்பக்கமாக ஒதுங்குகிறது. நிற்கும்போது உள்நோக்கி இருந்த சக்கரங்கள் ஓடும்போது இணையாகிவிடுகின்றன. அளவு சின்னது என்று அலட்சியம் வேண்டாம். 16 அங்குல விட்டத்தில் அளந்து மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகப் போய்விட்டால், கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு முன்டயரும் மூன்றரை மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் மூன்றரை கிலோமீட்டர்! டயரில் என்ன மிஞ்சும்?

அதனால் முதலில் டயரைத்தான் படிக்க வேண்டும். ஸ்பானரை எடுப்பதற்கு முன் உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவிப் பாருங்கள். உள்ளிருந்து வெளியே வரும்போது சொரசொரப்பாகவும், வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழுவழுப்பாகவும் இருந்தால் டோ உள்நோக்கி அதிகம். நேர்மாறாக இருந்தால் வெளிநோக்கி அதிகம். ஒரு ஓரம் மட்டும் சீவியது போல் வழவழவென்று தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நின்றால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரோ பேலன்ஸோ காரணம். மாதக்கணக்கில் நின்ற வண்டியென்றால் டயர் தரையில் படிந்து தட்டையாகியிருக்கும், அதுவும் ஓட்டத்தில் உதறும். 2021இல் வந்த மத்திய விதிப்படி ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளை ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு வின்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. நல்ல விதிதான், ஆனால் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு வரும் நோய்கள் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது. ரப்பர் புஷ் காய்கிறது, கிரீஸ் கட்டியாகிறது.

அடுத்து, இழுப்பது உண்மையில் சக்கரக் கோணத்தாலா என்று தீர்மானிக்க வேண்டும். நம் சாலைகள் மழைநீர் வடிய இடது ஓரம் சரிந்திருக்கும். மணலி பக்கமோ எண்ணூர் விரைவுச் சாலையிலோ ஓட்டியவர்களுக்குத் தெரியும், கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஓடி ஓடி இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் எந்த வண்டியும் தன் இஷ்டத்துக்குத்தான் போகும். ஆகவே சமமான சாலையில் பாருங்கள். முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பு மறுபக்கம் மாறினால் குற்றம் டயரில். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கில். ஓட்டி வந்து இறங்கியதும் நான்கு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தக் கார்கள் கிராஸ் பிளை டயரில் பிறந்தவை. கிடைக்கவில்லை என்று முன்னால் மட்டும் ரேடியல் போட்டுப் பின்னால் கிராஸ் பிளையை விட்டுவைப்பது ஆபத்து. வளைவில் பின்பக்கம் வீசிவிடும். போட்டால் நான்கும் ஒரே வகையாகப் போடுங்கள்.

இப்போது ஆஸ்டின் ஏ40 வண்டியின் முன்பக்கத்துக்குக் கீழே படுப்போம். அதில் சுருள் ஸ்பிரிங். சக்கரத்தைத் தாங்கும் கைகளில் மேல்பக்கத்துக் கை தனிக் கை கிடையாது. நெம்புகோல் மாதிரி ஆடும் ஷாக் அப்சார்பரின் கையே மேல் கையாக வேலை செய்கிறது. அம்பாசடரில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, முறுக்கேறி வேலை செய்யும் இரும்புத் தண்டான டார்ஷன் பார். இங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்த அமைப்பில் கேம்பரையும் காஸ்டரையும் திருகி மாற்ற இடமே கிடையாது. தொழிற்சாலையில் இரும்பிலேயே அந்தக் கோணங்களை வைத்துவிட்டார்கள். எண்ணூரில் பூட்டியபோது சரியாக இருந்த கோணம் இன்றைக்கு மாறியிருக்கிறது என்றால், ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, அல்லது உட்கார்ந்திருக்கிறது, அல்லது வளைந்திருக்கிறது. அலைன்மென்ட் மெஷின் “கேம்பர் தப்பு” என்று சொல்லும். எது தேய்ந்தது என்று சொல்லாது. அதைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிகிறதா? உள்ளே ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங் பின்னோ, அதன் புஷ்ஷோ, கைகளின் மூட்டோ. ஷாக் அப்சார்பரின் தண்டு நுழையும் இடத்தில் எண்ணெய் கசிந்து, கை தளர்ந்திருந்தால் கேம்பர் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது தெரியும் ஆட்டம் டை ராட் எண்டையும் ஸ்டியரிங் பாக்ஸையும் காட்டிக்கொடுக்கும். இந்த ஆட்டத்தோடு டோ வைத்தால், வைத்த டோ பட்டறை வாசலைத் தாண்டாது. 

கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போது அடித்தால், பாரத்தைத் தாங்கும் முகத்துக்குள் கிரீஸ் போகாது. தூக்கிவைத்து அடியுங்கள், சக்கரத்தை இருபக்கமும் திருப்பிக்கொண்டே அடியுங்கள். கடற்கரையோரம் நிற்கும் வண்டிக்கு இது இருமடங்கு முக்கியம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. கிரீஸ் நிப்பிள் அடைத்துக்கொள்கிறது, டை ராடின் மரை துருவில் இறுகிவிடுகிறது. 

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால் கவனியுங்கள். சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர் பக்கம் 1961 முதல் வந்த வண்டி அது. அதன் முன்சக்கரத்துக் கீழ் மூட்டில் இருக்கும் பித்தளைக் குடுவைக்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். அதில் கிரீஸ் அடித்து அடித்து மரை காய்ந்து, தண்டு உடைந்து, சக்கரம் மடிந்து விழுந்த வண்டிகள் உலகம் முழுவதும் உண்டு. அலைன்மென்ட் பேசும் இடத்தில் இதைச் சொல்லாமல் போவது தப்பு.

புஷ் மாற்றுகிறீர்கள் என்றால், ரப்பர் புஷ்ஷின் நட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கிவிடாதீர்கள். தரையில் இறக்கி, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். வண்டி ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும், சில மாதத்தில் ரப்பரும் கிழிந்துவிடும்.

பிறகு உயரம். ஹப்பின் நடுவிலிருந்து மட்காடு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். ஒரு பக்கச் சுருள் உட்கார்ந்துவிட்டால் கேம்பர் போய்விட்டது என்று அர்த்தம். மாற்றினால் ஜோடியாக மாற்ற வேண்டும். அம்பாசடரின் டார்ஷன் பாரை இடம் வலம் மாற்றிப் போடவே கூடாது, ஒரே திசையில் முறுக்கிப் பழகிய இரும்பு அது. பின்பக்கத்துக் கமான் பட்டைகளை யாரும் அலைன்மென்ட்டோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பின்பக்கம் தொங்கினால் முன்னால் காஸ்டர் கூடி ஸ்டியரிங் கனக்கும். பாரம் ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை சேர்த்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் காஸ்டர் குறைந்து, வேகத்தில் வண்டி அலையும். திருமணத்துக்கும் கோயிலுக்கும் ஆளைத் திணித்து ஓடிய வாடகை அம்பாசடர்களில் பட்டை கூட்டுவது சர்வ சாதாரணமாக இருந்தது. இன்றைக்கு அந்த வண்டியை இருவர் ஏறி மெதுவாக ஓட்டும்போது அந்தக் கூடுதல் பட்டை எதற்கு? கழற்றிவிட்டுப் பாருங்கள்.

சேசிஸ் என்ற அடிச்சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சேசிஸில் இருபுறமும் ஒரே மாதிரியான துளைகளைத் தேர்ந்தெடுத்து, குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். வண்டியை நகர்த்திவிட்டுக் குறுக்காக மூலைக்கு மூலை அளங்கள். இரண்டு குறுக்களவும் சமமாக வராவிட்டால் எப்போதோ ஒரு மோதலில் சட்டம் கோணியிருக்கிறது. பெட்டிச் சட்டம் உள்ளுக்குள் துருப்பிடித்து, கைகள் பொருந்தும் இடமே நகர்ந்திருக்கவும் கூடும். இதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போவதில் பயனில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் நூல். சமதளம் வேண்டும். டியூப்பில் தண்ணீர் விட்டு நான்கு சக்கரத்தின் அடியும் மட்டமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்த இடத்தில் தகடு வையுங்கள். வண்டியின் இருபுறமும் ஹப் உயரத்தில் நூல் கட்டுங்கள். முன்சக்கரங்களின் இடைவெளியும் பின்சக்கரங்களின் இடைவெளியும் பல கார்களில் வேறுவேறு. பின்டயரை ஒட்டி நூலை இழுத்துவிட்டால் தப்பான கணக்கு வரும். நான்கு ஹப்பின் மையத்திலிருந்தும் அளந்து, இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாகவும் வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாகவும் நிற்கும்படி செய்யுங்கள். பின் ஆக்சில் கோணி உட்கார்ந்திருந்தால் அதுவும் இங்கே தெரிந்துவிடும். கமான் பட்டையின் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் பின்னுக்கு நகர்ந்த வண்டி, முன்னால் என்ன திருகினாலும் நண்டு போலத்தான் போகும்.

கேம்பருக்கு அதே தூக்குக்குண்டு. சக்கரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடைவெளி அளந்தால், 16 அங்குலத்தில் ஒரு டிகிரி சாய்வு ஏறக்குறைய 7 மில்லிமீட்டராகத் தெரியும்.

ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே எதையும் அளக்காதீர்கள். இறக்கும்போது டயர் தரையைப் பிடித்துக்கொண்டு, கைகள் உரிய இடத்தில் உட்காராமல் நிற்கும். வண்டியைச் சில மீட்டர் தள்ளி, முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டுவிட்டு அளங்கள். டோவுக்கு, தூக்கி வைத்திருக்கும்போதே சக்கரத்தைச் சுழற்றி டயரின் நடுவில் ஆணியால் ஒரு கோடு கீறி, அதில் ஒரு புள்ளி குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் ஹப் உயரத்தில் புள்ளிக்குப் புள்ளி அளவு. வண்டியை அரைச் சுற்று முன்னால் உருட்டி, அதே புள்ளிகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளவு. ஒரே புள்ளியை அளப்பதால் ரிம் கோணலாக இருந்தாலும் கணக்குக் கெடாது. தவறிக்கூடப் பின்னால் உருட்டி அளக்காதீர்கள், ஆட்டமெல்லாம் எதிர்ப்பக்கம் போய்விடும்.

இப்போதுதான் அந்த நட்டு. ஸ்டியரிங் பாக்ஸை முதலில் அதன் நடுப்புள்ளியில் நிறுத்துங்கள். பழைய பாக்ஸ்கள் நடுவில் சற்று இறுக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டவை. ஸ்டியரிங்கின் கம்பி கோணலாகத் தெரிகிறது என்று ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றி வேறு பல்லில் மாட்டுகிறார்களே, அது பாக்ஸை நடுவிலிருந்து விலக்கி ஓட்டச் செய்யும் வேலை. இருபுறமும் திருகும் தண்டுகள் இருந்தால் இருபுறமும் சமமாகத் திருகுங்கள், வெளியே தெரியும் மரைகளை எண்ணிச் சமமாக வையுங்கள். ஒரு முனையில் இடது மரை இருக்கும், மறந்துவிட்டு முறுக்கினால் மரை போய்விடும். துருவில் இறுகியிருந்தால் முந்தின இரவே எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். டை ராட் எண்ட் பக்கத்தில் கேஸ் வெல்டிங் நெருப்பு வேண்டவே வேண்டாம்.

வளைவில் மட்டும் டயர் கிறீச்சிட்டால், ஸ்டியரிங் கை வளைந்திருக்கலாம். வளையும்போது உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தை விடச் சற்று அதிகம் திரும்ப வேண்டும். இதைக் குதிரை வண்டிக்காக 1817இல் கண்டுபிடித்தவர் மியூனிக்கைச் சேர்ந்த லாங்கென்ஸ்பெர்கர். அடுத்த ஆண்டு லண்டனில் காப்புரிமை வாங்கியவர் ருடால்ப் ஆக்கர்மன், அதனால் இன்றும் அவர் பெயர்தான் நிலைத்திருக்கிறது. செய்த கை ஒன்று, பெயர் வேறொன்று. நம் பட்டறைகளில் வேலை தெரிந்தவர்களின் பெயர்களை நாமாவது தொலைக்காமல் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் மெஷினுக்கு நான் எதிரி இல்லை. எல்லா மூட்டும் சரியான பிறகு மெஷினில் ஏற்றுங்கள், நூலைவிட நுட்பமாக அளந்து தரும். ஆனால் பல மெஷின்களில் ஆஸ்டினின் அளவுகள் இருக்காது. “கிட்டத்தட்ட அம்பாசடர் மாதிரிதான்” என்று ஏதோ ஒரு வண்டியின் எண்ணைப் போட்டால் சம்மதிக்காதீர்கள். கையேட்டின் அளவை எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். திருத்தத்துக்கு முன் வந்த எண், பின் வந்த எண், இரண்டையும் அச்செடுத்து வாங்குங்கள்.

லாக் நட்டு இறுக்கியதும் ஞாயிறு விடியற்காலையில், லாரி நெரிசல் இல்லாத நேரத்தில், சமமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி உள்ளங்கையால் டயரைத் தடவுங்கள், டோவை மறுபடி அளங்கள். புது புஷ் படிந்து அளவு சற்று மாறியிருக்கும். அன்றைக்கு வந்த அளவு, தேதி, எந்த மூட்டை யார் மாற்றினார்கள் என்பது எல்லாம் வண்டிக்குள் ஒரு நோட்டில் இருக்கட்டும். வண்டியை யாருக்காவது கொடுத்தால் சாவியோடு அந்த நோட்டையும் கொடுங்கள். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் இந்த வேலை தெரிந்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு பேனாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு இந்த மாதமே போங்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.